மாமாவின் இடது தோள்

காஜா பேராங், மலாக்கா
15 அக்டோபர் 1957

அன்பு மகள் கமலவேணிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம். உன் கையெழுத்து கோணாமல் இருப்பதிலிருந்து லண்டன் குளிரில் நீயும் நலமென்று தெரிந்துகொண்டேன். என் தம்பி, உன் தம்பிராஜா மாமாவைப் பற்றித்தான் எழுத வேண்டும். அவன் தோளில் ஒரு கட்டி. சீக்கு, அதாவது சப்போட்டாப் பழ அளவில் இருந்தபோது யாருக்கும் காட்டவில்லை. மங்குஸ்தான் அளவானதும் கோயில் கமிட்டி கண்டுபிடித்துவிட்டது, இத்தனை வருடம் பல்லக்குச் சுமந்ததற்கு அம்மனே போட்ட முத்திரையாம் அது. வலிக்கவில்லை, ஆகவே அருள். வெள்ளிக்கிழமைதோறும் அதற்குச் சந்தனம், குங்குமம். அவனும் சட்டையைக் கழற்றிவிட்டுப் புது மாப்பிள்ளை போல உட்கார்ந்திருப்பான். மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த கையோடு சிறப்புப் பூசை வைத்துச் சால்வை போர்த்தவும் முடிவு செய்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போடா என்றால், அக்கா, கான்வென்ட்டுல படிச்சவங்களுக்குச் சாமி விசயம் புரியாதுலா என்பான். செயலாளர் வேலாயுதமோ, கத்தி பட்டா ஆத்தா கோவிச்சுக்குவா என்றார். பூசையன்று கூட்டத்தின் நடுவே எழுந்து, இவன் பல்லக்குச் சுமந்தது எப்போதும் வலது தோளில்தானே, முத்திரை இடது தோளில் விழுந்திருக்கிறதே, அம்மனுக்கு அடையாளம் தெரியாதா என்று கேட்டேன். மேளம்கூட நின்றுவிட்டது. அவன் மெதுவாகத் தன் வலது தோளைத் தடவிப் பார்த்தான். மறுநாள் காலையில் தானே வந்து, அக்கா, கூட வாங்க, பயமா இருக்கு என்றான்.

தாதிக்குப் படிக்கிற உனக்குத் தெரிந்திருக்கும். தோலுக்கடியில் வரும் கட்டிகள் பெரும்பாலும் வெறும் கொழுப்புதானாம். ஆனால் ஆழமாக, கெட்டியாக, வளர்ந்துகொண்டே போனால், சதைப்பற்றில் பிறக்கும் அபூர்வமான புற்றாகவும் இருக்கலாம், வலி இல்லாதது நற்சாட்சி ஆகாது என்றார் டாக்டர். துணுக்கு எடுத்துச் சோதித்ததில் அதுவேதான். முந்தாநாள் சுற்றியிருந்த சதையோடு அறுத்தெடுத்தார்கள். கை தப்பியது. ஆளும் தப்புவான் என்று டாக்டர் நம்புகிறார். நானும் நம்புகிறேன், அவரைப்போல உரக்க அல்ல.

இன்று காலை கமிட்டியார் வீட்டுக்கே வந்தார்கள். அன்று என் வாயில் வந்து பேசியது அம்மன்தானாம், அதே சால்வையை எனக்குப் போர்த்த வேண்டுமாம். கான்வென்ட்டில் படித்த வாய் என்பது மறந்துவிட்டது போலும். நான் மறுக்காமல் வாங்கிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் மாமாவின் கட்டிலுக்கு நேர் மேலே மின்விசிறி, அவனுக்குக் குளிர்கிறதாம்.

நீயும் உடம்பில் எது வளர்ந்தாலும் வலி வரட்டும் என்று காத்திராதே. மாமாவுக்குத் தனியாக நாலு வரி எழுது, அதில் அருள் என்ற சொல் வேண்டாம். அம்மன் உன்னைக் காப்பாள். அவள் வேலையை அவளிடம் விட்டுவிட்டு உன் வேலையை நீ ஒழுங்காகச் செய்.

ஆசிகளுடன்,
உன் அம்மா
பாக்கியலட்சுமி