கயிறு இழுக்க ஒருத்தி, பொறி பாக்க ஒருத்தர்

ஏங்க, சாப்பாடு மூடி வச்சிருக்கேன், சூடு பண்ணிச் சாப்பிடுங்க. இதை எழுதி வச்சுட்டு நான் படகுகிட்ட போறேன்.

ஓடாத படகை வித்துடலாம்னீங்க, மாட்டேன்னேன். அதுல இருந்து நீங்க வாயே திறக்கல. நானும் சுவத்தோட எவ்வளவுதான் பேசுறது?

நேத்து தனியா இன்ஜினைப் பாத்தேன். ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி, அதுல வயரைத் திரும்ப மாட்டி, இன்ஜின் இரும்புல ஒட்டுற மாதிரி கிளிப் போட்டு, ஸ்டார்ட் பண்ற கயித்தை இழுத்தேன். இழுத்துட்டுக் குனிஞ்சு பாக்குறதுக்குள்ள பிளக் நுனியில பொறி வந்துச்சா இல்லையான்னே தெரியல. நாலு தடவை இழுத்துட்டு அங்கயே உக்காந்துட்டேன். எனக்கு ரெண்டு பக்கமும் கண்ணு இருக்கா என்ன?

கிளம்பினா கதவைப் பூட்டுங்க.

இன்னொண்ணு: கயித்தை நானே இழுக்குறேன். கோவம் அப்படியே இருக்கட்டும். பக்கத்துல நின்னு 'வருது', 'வரல', ஏதாவது ஒண்ணு சொல்லுங்க, போதும்.