மாமனுக்கு ஒரு தங்கச்சி வேணும்

பென்னலூர்
15.9.91, ஞாயிறு

அன்புள்ள கனகத்துக்கு,

அண்ணன் எழுதறது. இங்க நான், ராஜம்மா அத்தை, தெருவுல எல்லாரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை நீதான் எழுதணும். போன லெட்டர்ல டில்லி வெயில், ஹாஸ்டல் சப்பாத்தி, மேட்ரனோட மூக்குக் கண்ணாடி வரைக்கும் எழுதிட்டு அதை மட்டும் விட்டுட்டே. இன்லாண்டுல பசை இருக்கற ஓரத்துல எழுதாதேன்னு எத்தனை தடவை சொல்றது, நர்ஸுக்குப் படிக்கிறவளுக்கு எங்க பிரிச்சா எது கிழியும்னு தெரிய வேணாமா, ரெண்டு வரி கிழிஞ்சு போய் அனாடமியில நீ பாஸா பெயிலான்னு தெரியாம உட்கார்ந்திருக்கேன். ஊர் பேரைச் சொன்னா அங்க எல்லாரும் ஒரு மாதிரி பார்க்கறாங்கன்னு எழுதியிருந்தே. மே மாசம் இங்க குண்டு வெடிச்சதுலேர்ந்து எங்க போனாலும் அப்படித்தான். ஆமா, ஸ்ரீபெரும்புதூர் பக்கம்தான்னு நிமிர்ந்து சொல்லு, மென்னு முழுங்காதே.

சரி, விஷயத்துக்கு வர்றேன். உன்னைக் கேக்காம ஒரு காரியம் பண்ணிட்டேன். பாதியில கோவிச்சுக்காதே, முழுசா படிச்சுட்டுக் கோவிச்சுக்கோ. எல்லாம் நம்ம காவேரி சமாச்சாரம். அவ அப்பா கம்பெனி ஷெட் கட்டற வேலைல சாரம் சரிஞ்சு செத்துப் போனதும், பின்னாலயே மஞ்சக்காமாலையில அவ அம்மா போனதும் நீ இங்க இருந்தப்பவே நடந்தது. அப்பத்துலேர்ந்து அவ தெருவோட பிள்ளை. காலையில ராஜம்மா அத்தை கடை இட்லி, மத்தியானம் பள்ளிக்கூடத்துச் சத்துணவு, ராத்திரி எந்த வூட்டுக் குழம்பு வாசனை மூக்குல ஏறுதோ அந்த வூடு. நம்ம ரெண்டு பேருக்கும் அம்மா அப்பா போனப்ப இதே தெரு சோறு போட்டது, அப்பவும் கணக்கு வழக்கு கிடையாது. எந்த நாள் எந்த வூடுன்னு நான் ஷிப்ட் சார்ட் மாதிரி ஒண்ணு போட்டுக் கொடுத்தேன், அத்தை அதுல இட்லி பொட்டலம் கட்டி எனக்கே கொடுத்துட்டாங்க. சிரிக்காதே.

போன வாரம் மேஸ்திரி வந்தான். கோவில்பட்டிப் பக்கத்துலேர்ந்து அவ அம்மா அப்பாவை வேலைக்குக் கூட்டிக்கிட்டு வந்தானே, அதே ஆள். மெட்ராஸ்ல ஒரு பங்களா, அங்க கைக்குழந்தையைப் பார்த்துக்க ஒரு பொண்ணு வேணுமாம், சாப்பாடு துணிமணி எல்லாம் கொடுப்பாங்களாம். அவளே இன்னும் மூக்கைச் சிந்தத் தெரியாத கைக்குழந்தைடான்னேன். அதுக்கு அவன், கூட்டிக்கிட்டு வந்தவன் நான், கொண்டு போறவனும் நான்தான், உங்கள்ல யாரு இவளுக்கு என்ன முறை, ஒரு ஆள் சொல்லுங்கன்னான். அவ தெருவுல ஆம்பளைன்னு பார்த்தா மாமாங்கறா, பால்காரரும் மாமா, கரண்டு ரீடிங் எடுக்க வர்றவரும் மாமா, அதுல எந்த மாமாவைக் காட்டறது? அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றேன், துணியை எடுத்து வைங்கன்னு கிளம்பினான். அப்பத்தான் அத்தை உள்ளேர்ந்து சட்டினிக் கரண்டியோட வந்து, ஞாயித்துக்கிழமை அதுக்குக் காது குத்து, தாய்மாமன் வர்றான், நீயும் வந்து சாப்ட்டுப் போன்னு சொன்னாங்க பாரு. அவன் தெரு முனை திரும்பட்டும்னு நின்னோம். அப்புறம் யார் அத்தை அந்த மாமன்னு கேட்டேன். அதான் எனக்கும் தெரியல, இன்னா அவசரம், ஒரு வாரம் கீதே, தேடுங்கன்னாங்க.

நான் இதெல்லாம் வேலைக்காகாதுன்னு, மேஸ்திரியைத் தடுக்க வழி கேட்டு தாலுகா ஆபீஸுக்கே போனேன். அங்க இருந்தவர் நல்ல மனுஷன், உட்காரச் சொல்லிட்டு முதல்ல கேட்டது, நீங்க குழந்தைக்கு என்ன முறைன்னுதான். சைக்கிளைத் திருப்பிக்கிட்டு வந்துட்டேன். சாயங்காலம் குழாயடியில கூட்டம். என்கூட மெயின்டனன்ஸ்ல இருக்கானே தாவீது, நாகர்கோவில்காரன், அவன் உடனே நான் இருக்கேம்லன்னு கையைத் தூக்கினான். அத்தை, உனக்குக் கூடப் பொறந்தது அத்தனையும் ஆம்பளை, மாமன்னா நடுவுல ஒரு பொம்பளை வேணும்டா, அவ இல்லாம மாமன் இன்னா மரத்துலயா காய்ப்பான்னாங்க. டீக்கடை பலராமனுக்கு மூணு தங்கச்சி, அவங்களைக் கேக்காம சொந்தம் கூட்டினா கடையையே கவிழ்த்துடுவாங்கன்னு அவரே பின்வாங்கிட்டார். அப்ப அத்தைக்கு என்னமோ ஞாபகம் வந்து என் பக்கம் திரும்பினாங்க. காவேரி அம்மா தெருவுல யாரையும் முறை சொல்லிக் கூப்பிட்டதில்ல, கனகத்தை மட்டும் வாய் நிறைய தங்கச்சி தங்கச்சின்னுதானே கூப்பிட்டா, தங்கச்சிக்கு அண்ணன் அவளுக்கும் உடன்பொறப்புதான், அப்ப கொழந்தைக்கு நீ மாமன், இதுல இன்னாடா யோசனைன்னாங்க. டிப்ளமோவுல இவ்வளவு சுருக்கமா எனக்கு யாரும் எதையும் நிரூபிச்சுக் காட்டினதில்ல.

இன்னைக்குக் காலையில அம்மன் கோயில்ல காது குத்து நடந்தது. ஆளுக்கொரு சீர்த்தட்டு, தாவீது வீட்டுலேர்ந்து பாவாடை சட்டை, பலராமன் கடையிலேர்ந்து ஒரு தட்டு நிறைய பட்டர் பிஸ்கட், மாமன் சீர்ல பிஸ்கட் வெச்ச முதல் தெரு நம்மளுதுதான். முனிரத்தினம் ஆசாரி காதுல மை வெச்சார், எனக்கு ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு பட்டது, பாக்கெட்லேர்ந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்து அளந்தேன், ஒரு மில்லி வித்தியாசம். அழிச்சு வைங்கன்னேன். ஆசாரி, உம்ம கம்பெனியில காது செய்யறாங்களான்னு கேட்டுக்கிட்டே அழிச்சு வெச்சார். ஊசியைக் கொதிக்க வெச்சாச்சான்னும் கேட்டேன், அதை நீ கேட்டு எழுதுவேன்னு தெரியும். குத்தினப்ப அவ அழல, என் கட்டைவிரலைக் கடிச்சா, நான்தான் கத்தினேன். இந்த லெட்டர்ல எழுத்து கோணலா இருக்கறதுக்கு அதுதான் காரணம்.

மேஸ்திரி சொன்ன மாதிரியே வந்தான். என் மடியில அவளைப் பார்த்துட்டு, நீ எப்படிடா மாமன்னான். அவ அம்மா என் தங்கச்சி கனகத்தை எப்படிக் கூப்பிட்டா, நீயே கேட்டிருக்கியா இல்லையான்னேன். அவன் பொய் சொல்லலாம், ஆனா சொல்லல. செத்தவ வார்த்தையாச்சே. கேட்டிருக்கேன்னு ஒத்துக்கிட்டு, மாமன்னா இன்னைக்கு மடி கொடுத்ததோட முடியாது, அவ பெரியவளானா நீ நிக்கணும், கல்யாணம்னா நீ நிக்கணும், உன் வீட்டுப் பொம்பளை நிக்கணும், தெரியுமில்லன்னான். தெரியும்னேன். அத்தை கையைப் பிடிச்சு இலையில உட்கார வெச்சுட்டாங்க. பாயசம் ரெண்டாவது தடவையும் வாங்கினான், துணி மூட்டையைப் பத்திப் பேசாமலே போயிட்டான்.

தெரியும்னு சொன்னது நான், ஆனா வீட்டுப் பொம்பளைன்னா நீதானே, உனக்கும் சேர்த்துச் சொல்லிட்டேன்னு அப்புறந்தான் உறைச்சது. அத்தையும் ராத்திரி, நாளைக்குக் கனகத்தைப் பொண்ணு பார்க்க வர்றவன் இது யாருன்னு கேட்டா இன்னா சொல்லுவேன்னாங்க. கேட்டுட்டு எழுந்து போறவன் போகட்டும், கேட்டுட்டு அவளுக்கு மிட்டாய் வாங்கித் தர்றவன் உட்காரட்டும்னேன். அது என் கருத்து. உன் கருத்து வேறயா இருந்தா அதுவும் சரிதான், இருபது வயசுல உன் தலையில ஒரு பிள்ளையைக் கட்ட எனக்கு உரிமை இல்ல, மாமன் நான் ஒருத்தனே இருந்துக்கறேன், அவளை யாரும் கொண்டு போக முடியாது. ஆனா காவேரி படுக்கப் போறப்ப கேட்டா, அப்ப கனகம் அக்கா எனக்கு அக்கா இல்லையா, சித்தியான்னு. எனக்குத் தெரியாது, அவளையே கேளுன்னுட்டேன்.

அதனால அவளுக்குன்னு தனியா ஒரு லெட்டர் போடு. வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி டியூட்டிக்குத் தனியா நடக்காதே, குளிர் வர்றதுக்குள்ள ஸ்வெட்டர் வாங்கு. எல்லா நல்லதும் உன்னைத் தேடி வரட்டும்னு அத்தையும் நானும் அம்மனைக் கேட்டுக்கிட்டோம். ஒண்ணே ஒண்ணு, அந்த லெட்டரை அன்புடன் கனகம்னு மொட்டையா முடிக்காதே. அக்கான்னு போடு, இல்ல சித்தின்னு போடு, எதுன்னாலும் பெரிய எழுத்துல போடு. அவ இப்பத்தான் எழுத்துக் கூட்டறா, எந்த லெட்டர் வந்தாலும் கடைசி வரியைத்தான் முதல்ல படிக்கிறா.

இப்படிக்கு,
உன் அண்ணனும் காவேரியோட மாமனுமான
மோகன்