ஒன்பது மாத ஒருசந்தி

மார்ச் 5

விடியும்போதே புழுக்கம். எண்ணூர் அனல்மின் நிலையப் பக்கத்துக் காற்று. மாடியில் உலர்த்திய வெள்ளைச் சட்டைகள் சாம்பலாகிவிட்டன. மறுபடி துவைக்க வேண்டும்.

குழந்தைப்பேறு மருத்துவமனை. ரிசல்ட். எனக்கு வயது முப்பத்தாறு, முட்டைப்பைக்கு ஐம்பது. "கையிருப்பு கம்மி" என்றார் டாக்டர் அம்மா. அது ரேஷன் கடைச் சொல் என்று இதுவரை நினைத்திருந்தேன்.

பிறகு ஒரு கேள்வி: "உங்கள சுமந்தப்போ உங்க அம்மா நல்லா சாப்பிட்டாங்களா?"

பெண்ணுக்கு ஆயுளுக்குமான முட்டைகள் தாய் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுமாம். தாய் பட்டினி கிடந்தால் மகளுக்கு இருப்பு குறையலாம். மிருகங்களில் பார்த்திருக்கிறார்கள், மனிதரில் உறுதியில்லை, "லாம்"தான் என்றார். அந்த "லாம்"மைக் கம்பிபோல் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் நின்று வந்தேன்.

அம்மா சாப்பிடவில்லை. ராயபுரத்தில் எங்கள் கோயில் தெருவுக்கே தெரியும். என்னையும் தங்கை ரோஸியையும் சுமந்தபோது ஒன்பது மாதமும் ஒருசந்தி. ஒருவேளைச் சோறு. திருச்சபை கேட்பது தவக்காலத்தில் மட்டும், அதிலும் கர்ப்பிணிக்கு விலக்கு. அம்மா திருச்சபையைவிடக் கண்டிப்பு.

மார்ச் 7

ரோஸி வீடு, கொருக்குப்பேட்டை. கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து உண்டாகியிருக்கிறாள். ஆறாம் மாதம். கன்னம் ஒட்டிப்போய். மதியம், அடுப்பில் ஒன்றுமில்லை.

"இன்னாடி, துன்னலியா?"

"ஒருசந்திக்கா. அம்மா மாரியே. கொழந்த தங்கணும்ல? காலீல பால் குடிச்சேன்."

பங்குச் சாமியாரிடம் கேட்டாயா? கேட்டாளாம். உனக்கு விலக்கு உண்டு என்றாராம். "அது விசுவாசம் கொறவானவங்களுக்குக்கா."

ஸ்கேனில் குழந்தை வளர்ச்சி போதாது என்று வந்திருக்கிறது. "சின்னதாதானே கீது? சொகமா வெளிய வந்துடும்" என்கிறாள்.

ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம். பெண்ணென்றால், அவளுடைய முட்டைகளும் இப்போது ஒருசந்தி.

டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"உனுக்கு நிக்கலன்னு எனுக்கு சாபம் வுடாதக்கா."

திரும்பும் வழியில் சோப்பு வாங்க மறந்தேன்.

மார்ச் 8

அம்மா சொன்னால் ரோஸி கேட்பாள். போனேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடித்த பிறகும் உரித்தாள்.

"ஒருசந்தியாவது இன்னாவது. சோறு இல்லடி."

கப்பல் வந்தால்தான் அப்பாவுக்குக் கூலி. வீட்டில் மாமனார், இரண்டு கொழுந்தன்கள். அவர்கள் சாப்பிட்டு எழுந்தால் பானையில் தண்ணீர்.

"பக்கத்து வூட்டுக்காரி, இன்னா மேரி, வாயும் வவுறுமா கீற, துன்னலியான்னா. பசிக்கிதுன்னா உங்கப்பாவுக்கு மானக்கேடு. ஒருசந்தின்னேன். கையெடுத்து கும்புட்டா."

கும்பிட்ட தெரு அப்புறம் நிறுத்தவில்லை. அம்மாவை மாதா சபைக்குத் தலைவியும் ஆக்கிவிட்டது.

"ரோஸியாண்ட சொல்றியாம்மா? சபைக்கும் தெரிஞ்சிடும்."

"தெரியட்டும்."

பூண்டைப் பார்த்தபடியே கேட்டாள். "உனுக்கு நிக்காததும் அதனாலதானா?"

"இருக்கலாம்" என்றேன். இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல.

மார்ச் 10

அலுவலகத்தில் அரை நாள் லீவு. அம்மா தூக்குச்சட்டியில் சோறும் நெத்திலிக் குழம்பும் எடுத்துக்கொண்டாள். ஷேர் ஆட்டோ. ரயில்வே கேட் மூடியிருந்தது. முடிவில்லாத சரக்கு வண்டி. அம்மாவின் உதடு அசைந்தது. ஜெபமா ஒத்திகையா தெரியவில்லை.

உள்ளே போனதும் நின்றபடியே சொன்னாள். "ரோஸி, அது ஒருசந்தியில்ல. பட்டினி. ஊராண்ட பொய் சொன்னேன். நீ துன்னு."

ரோஸி ஓவென்று அழுதாள். ஜெயித்துவிட்டோம் என்று நான் தட்டைக் கழுவப் போனேன். திரும்பி வந்தால், ரோஸி அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"பாத்தியாக்கா? நான் துன்னணும்னு, தான் இருந்த ஒருசந்தியவே இல்லன்னுது. புனிதருங்கதான் இப்டி மறைப்பாங்க."

"மாதா மேல சத்தியமாடி!"

"எனுக்காவ பொய்ச்சத்தியம் வேற பண்றியாம்மா? அந்தப் பாவத்துக்கும் நானே ஒருசந்தி இருக்கேன்."

நாளையிலிருந்து காலைப் பாலும் கிடையாதாம்.

சட்டியைத் திருப்பி எடுத்து வந்தோம். வீட்டில் இருவரும் உட்கார்ந்து அதே சோறு, அதே குழம்பு. அம்மா ஒரு பருக்கை விடாமல் வழித்துவிட்டு, தட்டை என்னிடம் நீட்டினாள்.

"இன்னும் போடு."