பெயர் தெரியாத அரண்மனைப் பெண்

12 ஜூன் 2023

தாளாளர் பத்து நாள் ஜப்பான் சுற்றுலா போய் வந்ததன் பலன் இன்று தமிழ்த்துறையின் தலையில் இறங்கியது. அடுத்த மாதம் பன்னாட்டுக் கருத்தரங்கம். தலைப்பு: பண்டைய ஜப்பானிய அரண்மனை இலக்கியம். அங்கே ஏதோ அரண்மனையைப் பார்த்தாராம். அதற்குள் இலக்கியம் இருந்ததாக வழிகாட்டி சொன்னாராம்.

இடம் கல்லூரி அல்ல, குற்றாலத்தில் ஒரு விடுதி அரங்கம். தென்காசியில் வைத்தால் ஆள் வராது, சாரலில் வைத்தால் பேராசிரியர்கள் குடும்பத்தோடு வருவார்கள் என்பது தாளாளரின் கணக்கு. இது ஒன்றுதான் இன்று கூட்டத்தில் ஆராய்ச்சிப்பூர்வமாகப் பேசப்பட்டது.

கூட்டம் முடிந்ததும் துறைத்தலைவர் காந்திமதிநாதன் சார் கூப்பிட்டார். தலைமையுரை அவருடையது. எழுதப் போவது நான். இது ஏழாவது உரை. தொகுப்பூதியத்தில் பதினொரு வருடம் ஓட்டியவள், பணி நிரந்தரக் கோப்பில் அவர் கையெழுத்து வேண்டும் என்று காத்திருப்பவள், என்ன சொல்வேன்? சரி சார் என்றேன்.

"என் நடையில எழுதுங்கம்மா" என்றார். அவர் நடையே நான் எழுதியதுதான்.

20 ஜூன்

இரண்டு ஆங்கில மொழிபெயர்ப்புகள் கிடைத்தன. எட்டு நாளாக இட்லி அவிக்கும்போதும் படிக்கிறேன். ஆச்சரியமாக இருக்கிறது.

ஆயிரம் வருடத்துக்கு முன்னால் அங்கே ஆண்கள் சீன எழுத்தில் அரசாங்கக் காரியம் எழுதினார்கள். அரண்மனைப் பெண்கள் பேச்சு மொழிக்கென்று வந்த எளிய எழுத்தில் எழுதினார்கள். முப்பத்தொரு அசையில் ஐந்து வரிக் கவிதை. காதல் சொல்ல, கோபம் சொல்ல, ஏன் வரவில்லை என்று கேட்க, எல்லாவற்றுக்கும் கவிதைதான். காகிதத்தின் நிறமும் மடிப்பும்கூடப் பார்ப்பார்களாம். பிறகு நெடுங்கதை. பிறகு நாட்குறிப்பு. பிறகு பிடித்தது, பிடிக்காதது, எரிச்சல் தருவது என்று மனம் போனபடி எழுதும் குறிப்புகள். இரண்டு அணியாகப் பிரிந்து, கவிதைக்குக் கவிதை நிறுத்தி, நடுவர் வைத்துத் தீர்ப்புச் சொல்லும் போட்டியும் உண்டு.

இவ்வளவு எழுதிய பெண்களில் பலருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. அப்பாவோ அண்ணனோ வகித்த பதவியின் பெயரால்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

இன்று நிர்வாக அலுவலகத்தில் என் படிவத்தைத் தேடியவர், "காந்திமதிநாதன் சார் துறை மேடத்தோடதா?" என்று கேட்டார்.

26 ஜூன்

சார் முதல் வரைவைப் பார்த்தார். படித்தார் என்று எழுத மனம் வரவில்லை.

இரண்டு திருத்தம். ஒன்று: "அஞ்சு வரின்னு இருக்குல்லா? நம்ம ஐந்திணையில இருந்து போனதுன்னு ஒரு வரி சேத்துருங்க." சேர்க்க மாட்டேன் என்று சொல்லவில்லை. 'போயிருக்கலாமோ என்று எண்ணத் தோன்றுகிறது' என்று எழுதினேன். எண்ணத் தோன்றுவதற்கு ஆதாரம் கேட்க மாட்டார்கள்.

இரண்டு: நாட்குறிப்பு பற்றிய பகுதி வறட்சியாக இருக்கிறதாம். ஒரு எடுத்துக்காட்டு வேண்டும், கேட்பவர்கள் கண் கலங்க வேண்டும், ஆனால் புத்தகத்திலிருந்து எடுத்தால் காப்புரிமைத் தொல்லை வருமாம். உரிமையாளர் இல்லாத கண்ணீராகப் பார்த்து எடுக்க வேண்டும்.

28 ஜூன்

எங்கே தேட? நானே எழுதினேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. இங்கே ஒரு படி வைக்கிறேன்.

'எட்டாம் மாதம். மழை. வலப்பக்க அமைச்சர் இன்றும் கவிதை கேட்டு ஆள் அனுப்பினார். விருந்தில் பாட வேண்டுமாம். எழுதிக் கொடுத்தேன். மாலையில் அவர் பாடியதும் பேரரசர் தம் மேலங்கியைக் கழற்றிப் பரிசளித்தார். என் கவிதையைத் திரைக்குப் பின்னாலிருந்து வேறொரு குரலில் கேட்டேன். ஓரிடத்தில் சொல்லைத் தவறாகப் பிரித்தார். என்னை அறியாமல் கை நீண்டது. திரை அசைந்தது. எல்லோரும் திரும்பினார்கள். பூனையாக இருக்கும் என்றார் அமைச்சர்.'

கீழே அடிக்குறிப்பும் போட்டேன்: நாட்குறிப்பு வகைக்கு மாதிரியாக இவ்வுரைக்கென எழுதப்பட்டது. பொய் சொல்லக் கூடாதல்லவா.

5 ஜூலை

சார் அடிக்குறிப்புகள் எல்லாவற்றையும் தட்டச்சுப் படியிலிருந்து நீக்கச் சொல்லிவிட்டார். மேடையில் கீழே குனிந்து வாசிக்க முடியாதாம். ஒன்றையாவது படித்துவிட்டு நீக்கினாரா என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஏன் கேட்கவில்லை?

9 ஜூலை

பன்னாட்டுக் கருத்தரங்கத்துக்கு ஒரு வெளிநாட்டுக்காரராவது வேண்டும், அதுவும் ஜப்பான்காரராகவே வேண்டும் என்கிறார் தாளாளர். இயற்பியல் துறை முகம்மது ஆசிக் ஒருவரைப் பிடித்துவிட்டார். மொரிதா. சென்னைப் பக்கம் மோட்டார் தொழிற்சாலையில் பிரேக் பொறியாளர். அருவியில் குளிக்க ஆசைப்பட்டவர். அழைப்பிதழில் 'ஜப்பானிய அறிஞர்' என்று அச்சாகிவிட்டது. பிரேக்கும் ஓர் அறிவுதானே.

14 ஜூலை

ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

பதிவு செய்தவர்கள் இருநூற்றுப் பத்துப் பேர். பையும் குறிப்பேடும் வாங்கியதும் பெரும்பாலோர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஐந்தருவிக்குப் போய்விட்டார்கள். அரங்கில் நாற்பது பேர், பாதித் தலைகள் ஈரம். அந்த அரண்மனையில் ஆடைக்கு ஊட்டிய நறுமணப் புகையை வைத்தே வந்தது யாரென்று சொல்வார்களாம். இங்கே எல்லோர் மேலும் ஒரே மசாஜ் எண்ணெய் மணம்.

மொரிதா வாழ்த்துரைக்கு எழுந்தார். நேர்மையான மனிதர். பள்ளியில் பழைய இலக்கியத்தில் தான் தேறவில்லை, புத்தாண்டுக்குக் கவிதைச் சீட்டு விளையாடியது மட்டும் ஞாபகம், அதிலும் தங்கைதான் ஜெயிப்பாள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஆசிக் மொழிபெயர்த்தார். 'அறிஞரின் அடக்கம்' என்று தாளாளர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது ஒலிபெருக்கியில் கேட்டது.

பிறகு சார். குரலை எனக்குப் பிடிக்கும். அதையும் எழுதிவிடுகிறேன். நல்ல குரல். அமைச்சர் ஆள் அனுப்பியதை வாசித்தார். எங்கள் கல்லூரிக்காரர்கள் உட்கார்ந்திருந்த பின்வரிசை நிமிர்ந்தது. பேரரசர் மேலங்கி கொடுத்தபோது யாரோ இருமினார்கள். 'பூனையாக இருக்கும்' என்றதும் நான்கு வரிசை குலுங்கிச் சிரித்தது. சாருக்கு மகிழ்ச்சி. அந்த வரியை இன்னொரு முறை வாசித்தார்.

தாளாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் தூணுக்குப் பின்னால் நின்று மாலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மொரிதா கை தூக்கினார். தன் அம்மா இப்படிப்பட்ட நாட்குறிப்புகளை விரும்பிப் படிப்பவள், இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது, அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்றார். அரங்கத்திலேயே உண்மையாகக் கேட்கப்பட்ட ஒரே கேள்வி.

சார் தண்ணீர் குடித்தார். "இது பெயர் தெரியாத ஒரு அரண்மனைப் பெண் எழுதினது. இன்னும் ஜப்பான்லயே அச்சாகலை" என்றார்.

பெருங்கைதட்டல்.

15 ஜூலை

மொரிதா அம்மாவிடம் என்ன சொல்லியிருப்பார்?

24 ஜூலை

உரைகள் நூலாக வருகின்றன. அந்த நாட்குறிப்புப் பத்திக்கு மூலநூல் எது என்று பதிப்பாளர் கேட்கிறார். சார் அறைக் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் கேட்டார்.

"அது நான் எழுதினது சார். அடிக்குறிப்புல போட்டிருந்தேன்."

வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். இப்போதுதான் அவர் அந்தப் பத்தியைத் தனக்குள் வாசிக்கிறார் என்று தெரிந்தது. உதடு அசைந்தது. காது சிவந்தது. பாவமாகக்கூட இருந்தது.

பிறகு, "வேற யாருக்கும் தெரியாதுல்லா?" என்றார்.

தெரியாது என்றேன்.

"அப்பம் ஜப்பான்காரியாவே இருக்கட்டும்." மேசை மேலிருந்த என் பணி நிரந்தரக் கோப்பை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார்.

சரி சார் என்றேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் இசக்கியப்பன் புளியறை சோதனைச் சாவடியில் ஏட்டு. சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "கள்ள நம்பர் போட்ட வண்டியப் பிடிக்கது என் வேல. நீ வீட்டுக்குள்ளயே ஒண்ணு ஓட்டுத" என்றார். சிரிக்கவில்லை. கோபம் வந்தது எனக்கு. பதினொரு வருசம் நான் பட்டது இவருக்கு என்ன தெரியும்? கோப்பு வந்தா வேணாம்பாரா இவரு?

9 பிப்ரவரி 2024

பணி நிரந்தர ஆணை வந்தது. எல்லோருக்கும் அல்வா வாங்கினேன். சாருக்கும் கொடுத்தேன். "நல்லா இருங்கம்மா" என்றார். இனிப்பாகத்தான் இருந்தது.

18 ஜூன் 2024

புதிய பாடத்திட்டம் வந்திருக்கிறது. உலக இலக்கியத் தாள், மூன்றாம் அலகு: 'ஜப்பானிய அரண்மனை நாட்குறிப்பு – பெயர் தெரியாத பெண் – தமிழில்: முனைவர் காந்திமதிநாதன்.'

இரண்டாம் வருடத்துக்கு அந்தத் தாளை நடத்தப் போவது நான்.

22 ஏப்ரல் 2025

விடைத்தாள் திருத்தும் பணி. நூற்று நாற்பது தாள்களில் நூற்றிருபது பேர் அந்தப் பத்து மதிப்பெண் கேள்வியைத் தொட்டிருக்கிறார்கள். கடையில் ஒரு வழிகாட்டி நோட்ஸ் விற்கிறதாம். அதன்படி நான் கி.பி. 978இல் பிறந்தேன். பதினாறு வயதில் விதவையானேன். துறவு பூண்டு மலையடிவாரக் கோயிலில் மறைந்தேன். பூனை நிலையாமையின் குறியீடு.

ஒரே ஒரு தாளில் வேறு மாதிரி இருந்தது: 'இந்தம்மா கையை நீட்டியதோடு நிறுத்தியிருக்கக் கூடாது. திரையை விலக்கி வெளியே வந்திருக்கலாம். வராததற்கு அமைச்சர் மட்டும் காரணம் இல்லை.' மூன்று எழுத்துப்பிழை.

அதற்கு எவ்வளவு போடுவது என்று தெரியாமல் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தேன். எட்டு போட்டேன். கூட இருந்த தலைமைத் தேர்வாளர் விடைக்குறிப்பில் இல்லாத பதில் என்றார். ஆறாக்கினேன். பிறகு பத்தாக்கினேன். திருத்தத்துக்கு என் கையெழுத்து வேண்டும் என்றார். போட்டேன்.

8 ஆகஸ்ட் 2025

மறுபடியும் குற்றாலம், அதே அரங்கம். கருத்தரங்கின் தலைப்பு, 'பெயர் தெரியாத அரண்மனைப் பெண்: பன்முகப் பார்வை'. சார் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார், அதற்கான மரியாதை. பதினெட்டுக் கட்டுரைகள். எனக்குப் பதினைந்து நிமிடம்.

எழுதி எடுத்துப் போகவில்லை. மேடைக்குப் போய், அந்தப் பத்தி ஜப்பானில் எழுதப்படவில்லை, 2023 ஜூன் 28ஆம் தேதி தென்காசியில் என் வீட்டுச் சமையலறையில் எழுதப்பட்டது, எழுதியவள் பெயர் சண்முகசுந்தரி, வேலைக்காக இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தாள், அதற்கு வெட்கப்படுகிறாள் என்றேன்.

கைதட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். ஒரு பாத்திரத்தோடு இவ்வளவு ஒன்றிப்போன வாசகியைத் தன் முப்பது வருடத்தில் கண்டதில்லை என்றார் சிறப்பு விருந்தினர். தாளாளர் பொன்னாடை போர்த்தினார். இல்லை, நிஜமாகவே என்று ஒலிவாங்கியில் சொன்னேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

முதல் வரிசை நடுநாற்காலியில் காந்திமதிநாதன் சார் மட்டும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் இவர் என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார்.

"மேடையில எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"நம்புனாவளா?"

"ஒரே ஒரு ஆளு" என்றேன்.