கதவோரக் கட்டில்

ஜூன் 3, செவ்வாய்

விடியும்போதே புழுக்கம். அபார்ட்மெண்ட் மோட்டார் ரிப்பேர், எட்டு மணி வரை தண்ணீர் இல்லை. பி.பி. மாத்திரை போட்டாயிற்று.

சம்பந்தி வந்து இன்றோடு நாற்பது நாள். மருமகள் பியூலாவின் அப்பா. மார்ச்சில் சம்பந்தியம்மா தவறிய பிறகு குரோம்பேட்டை வாடகை வீட்டில் தனியாகக் கிடந்தார். கூட்டிவருவதற்கு முன் பியூலா என் எதிரில் வந்து நின்றாள். "எங்கப்பா இனிமே இங்கதான் இருப்பாங்க மாமா. உங்க ரூம்ல இன்னொரு கட்டில் போடணும். பர்மிஷன் கேக்கல, முன்னாடியே சொல்லிடறேன்." பின்னால் என் மகன் ஜான்சன், தலையாட்டிக்கொண்டு. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த வயதில் என் அப்பா முன்னால் இப்படி ஒரு வாக்கியமாவது பேசியிருப்பேனா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் கட்டில் ஜன்னலோரம், அவருடையது கதவோரம். பேத்தி நேயா பெயரே வைத்துவிட்டாள்: ஜன்னல் தாத்தா, கதவு தாத்தா.

ஒரே ஒரு தொல்லை. நான் அறைக்குள் நுழைந்தால் எழுந்து நிற்கிறார். பெண்ணைக் கொடுத்தவர், மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்தால் எழ வேண்டுமாம். போதாததற்கு ரிட்டயர்டு பி.டி. மாஸ்டர். நின்றால் அட்டென்ஷன்தான். எனக்கு 71, அவருக்கு 74. இரண்டு முட்டியும் தேய்மானம், எழும்போது 'கடக்' என்பது எனக்கே கேட்கிறது. இன்று எண்ணிப் பார்த்தேன். ஒன்பது தடவை.

ஜூன் 4, புதன்

"உக்காருங்க சம்பந்தி." "இருக்கட்டும் சம்பந்தி." தினம் இதே பாட்டு.

அதனால் நான் அறைக்குப் போவதைக் குறைத்துவிட்டேன். கண்ணாடி, பேப்பர், சார்ஜர், மாத்திரை டப்பா எல்லாம் ஹாலுக்குக் குடிவந்துவிட்டன. அறையோடு ஒட்டிய பாத்ரூமை மட்டும் கொண்டுவர முடியவில்லை. அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சொந்த வீட்டில் இந்தக் கதி.

ஆனால் மனிதர் பிரமாதம். சொல்லியே ஆக வேண்டும். ஐந்தரைக்கு எழுந்தால் விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. நேயாவுக்கு ஸ்கிப்பிங் சொல்லிக் கொடுத்து அறுபது வரை கொண்டுவந்துவிட்டார். வீட்டில் எல்லோர் துணியும் அவர்தான் அயர்ன். என் சட்டைக் காலர் என் மனைவி ரோஸ் இருந்தபோது கூட இப்படி நின்றதில்லை. (ரோஸ் மன்னிக்க வேண்டும்.) மனைவியை இழந்து மூன்று மாதம் ஆகாத ஆள். நான் அந்த மூன்று மாதத்தில் ஷேவ் கூடச் செய்யவில்லை.

ஃப்ரிட்ஜை மட்டும் திறக்க மாட்டார். குளிர்ந்த தண்ணீர் வேண்டுமென்றால் யாராவது வரும்வரை காத்திருப்பார். அலமாரியில் பாதி காலி செய்து கொடுத்தேன். காலியாகவே இருக்கிறது. துணியெல்லாம் கட்டிலடிப் பெட்டியில்.

மீன்காரம்மா வாசலில்: "இன்னா சார், ரெண்டு பெரியவரும் ஒரே ரூம்லயா கீறீங்க? சண்ட கிண்ட இல்லியே?" சண்டை போட்டால் தேவலை என்றேன்.

ஜூன் 5, வியாழன்

கரண்ட் மூன்று முறை போய் வந்தது. கேம்ப் ரோடு வரை நடை. வெண்டைக்காய், பிரெட், நேயாவுக்கு நோட்டு அட்டை.

சும்மா உட்கார்ந்து இந்த ஒரே மனையில் இருந்தவர்களைக் கணக்கிட்டேன்.

அப்பா காலம், ஓட்டு வீடு: 11 பேர், ஒரு கக்கூஸ்.
தம்பிகள் தனியே போன பின்: 6.
அப்பா, அம்மா போய், பெண்ணைக் கட்டிக் கொடுத்த பின்: 3.
ஜான்சன் பெங்களூரில், ரோஸும் போய்: நான் மட்டும். ஒன்றரை வருஷம். ஹாலில் டிவியை ஓடவிட்டுக்கொண்டே தூங்குவேன்.
பில்டரிடம் கொடுத்து ஃபிளாட் ஆன பின், இப்போது: 5.

பெண் கொடுத்தவரும் சேர்த்து இந்த ஐந்து பேர் ஒரே வீட்டில் இருப்பார்கள் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தால் ஜெபம் பண்ணியிருப்பார்.

என் மாமனார், ரோஸின் அப்பா, செங்கல்பட்டிலிருந்து மகளைப் பார்க்க வருவார். நாற்காலி நுனியில் உட்காருவார். காபி வேண்டாம் என்பார். என் அப்பா வந்தால் எழுந்துகொள்வார். சாயங்கால ரயிலுக்குக் கிளம்பிவிடுவார். அவர் ஒண்டிக்கட்டை ஆன பிறகும் அப்படித்தான். ரோஸ் அவரோடு கேட் வரை போய்விட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வருவாள். ஒரு ராத்திரி தங்கிப் போங்கள் என்று அப்பா சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 7, சனி

வெயில் கொளுத்துகிறது. வீட்டுக் கணக்கெடுப்புக்கு ஒரு டீச்சரம்மா வந்தார். கையில் குடை, மொபைல், வியர்வை. மோர் கொடுத்தேன்.

"குடும்பத் தலைவர் யாரு சார்?" என் பெயரை நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். பிறகு ஜான்சன், பியூலா, நேயா. சம்பந்தி ஹாலில் அயர்ன் செய்துகொண்டிருந்தார். "அவங்க?"

மரியாதையாகத்தான் சொன்னேன், சத்தமாகவும்: "அவங்க எங்க சம்பந்தி. எங்க வீட்டு விருந்தாளி."

"விருந்தாளின்னா இங்க வராது சார். அவங்க வீட்ல எழுதிப்பாங்க." நாலு என்று தட்டிக்கொண்டு போய்விட்டார்.

சம்பந்தி சுவிட்சை அணைத்தார். பாதி அயர்ன் ஆன என் சட்டையை மடித்து வைத்துவிட்டு அறைக்குள் போனார். நான் நல்லபடியாகப் பேசிவிட்ட திருப்தியில் இன்னொரு டம்ளர் மோர் குடித்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

சர்ச்சிலிருந்து திரும்பியதும் சம்பந்தி பியூலாவிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்தார். சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி ஒரு முதியோர் இல்லத்தின் விண்ணப்பம். எப்போது வாங்கினாரோ. "நல்ல காத்தோட்டமா இருக்காம்மா. என் வயசு ஆளுங்க. அடிக்கடி வந்துட்டுப் போறேன்."

பியூலா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவப் பாத்திரம் எதுவும் இல்லை.

பிறகு என்னிடம்: "மாமா, நேத்து அந்த மேடம்கிட்ட என்ன சொன்னீங்க?" சொன்னேன். "எங்கப்பா அந்த வீட்டக் காலி பண்ணிட்டாங்க மாமா. இங்கயும் எழுதலன்னா அவங்க எங்க இருக்காங்க?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மெதுவாகக் கேட்டாள். அவள் முகத்தில் கேட்டிலிருந்து திரும்பி வரும் ரோஸைப் பார்த்தேன்.

ஜூன் 9, திங்கள்

சேலையூர் போய் டீச்சரம்மாவை அவர் பள்ளி வாசலில் பிடித்தேன். இண்டர்வெல் நேரம்.

"இன்னும் அனுப்பல சார், சேக்கலாம். உங்களுக்கு என்ன உறவு?"

"சம்பந்தி."

தேடினார். "சம்பந்தின்னு இல்ல சார். 'மற்றவர்'னு போடட்டுமா?"

மற்றவர். விருந்தாளியே தேவலை. வேறு என்னென்ன இருக்கிறது என்று கேட்டேன். வாசித்தார்: மனைவி, கணவர், மகன், மகள், அப்பா, அம்மா, மாமனார்...

"நிறுத்துங்கம்மா. தலைவரை மாத்த முடியுமா?"

"முடியும். யாரப் போடணும்?"

"என் மருமக. பியூலா."

"உங்க பேரு கீழ போயிடும் சார்."

"போகட்டும்."

பியூலா தலைவி என்றால் சம்பந்தி 'அப்பா', நான் 'மாமனார்'. இரண்டு பேருக்கும் பெயர் வைத்த இடம் இருக்கிறது. அங்கிருந்தே பியூலா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி லேபுக்கு ஃபோன். "நானா மாமா? நீங்க இருக்கறப்பவா?" என்றாள். "பர்மிஷன் கேக்கலம்மா, முன்னாடியே சொல்லிடறேன்" என்றேன். உண்மையைச் சொன்னால், கட்டில் போடச் சொன்ன நாளிலிருந்தே அவள்தான் தலைவி. நான்தான் தாமதமாக எழுதிக் கொடுத்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

சாயங்காலம் டீச்சரம்மா சம்பந்தியின் பிறந்த வருஷம் கேட்க வந்தார். சரிபார்க்க எல்லாவற்றையும் சத்தமாக வாசித்தார்.

"பியூலா, குடும்பத் தலைவி. ஜான்சன், கணவர். நேயா, மகள். தேவதாஸ், அப்பா."

"எஸ் மேடம்!" சம்பந்தி விறைத்து எழுந்தேவிட்டார். முப்பது வருஷம் அட்டெண்டன்ஸ் எடுத்த மனிதர். நேயா விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்து என் பெயர், மாமனார். நானும் எழுந்து எஸ் மேடம் சொன்னேன். ஜான்சன் ஷிஃப்ட் முடிந்து ஷூவோடு வந்து நின்று, யாருக்கு என்ன ஆச்சு என்று பார்த்தான்.

"மொத்தம் அஞ்சு பேர். சரியா சார்?" என்னைப் பார்த்துக் கேட்டார். தலைவியைக் கேளுங்கள் என்றேன். "சரி மேடம்" என்றாள் பியூலா.

டீச்சரம்மா போனதும் சம்பந்தி அயர்ன் சுவிட்சைப் போட்டார். பாதியில் விட்ட என் சட்டையை எடுத்து அயர்ன் பண்ணி முடித்தார். இல்லத்து விண்ணப்பத்தைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. எனக்குக் கேட்கவும் தைரியம் வரவில்லை.

ஜூன் 11, புதன்

மோட்டார் சரியாகிவிட்டது. மழை வரும்போல இருந்து ஏமாற்றியது. சுகர் டெஸ்ட் வெள்ளிக்கிழமை. மறக்கக் கூடாது.

மதியம் அடக்க முடியாமல் பாத்ரூம் போக அறைக்குள் நுழைந்தேன். சம்பந்தி கதவோரக் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தார். பக்கத்தில் ஃப்ரிட்ஜ் தண்ணீர் பாட்டில். என்னைப் பார்த்தார். 'கடக்' சத்தத்துக்காக நான் வாசற்படியிலேயே நின்றேன்.

எழவில்லை.

"ஃபேன இன்னும் கொஞ்சம் கூட்டி வைங்க சம்பந்தி."

கூட்டி வைத்தேன்.