நாடா பிய்ந்த உறை

பாப்பாவின் அம்மாவுக்கு,

நீயும் பாப்பாவும் நலமா? உன் முதுகுவலி குறைந்ததா? எனக்கு இரண்டாவது ஆபரேஷனும் முடிந்தது. வெளியே எடுத்து வைத்திருந்த குடலை உள்ளே வைத்துத் தைத்துவிட்டார்கள். மலம் சேர வயிற்றில் ஒட்டியிருந்த பையும் போயிற்று.

குடல் உடனே வேலை செய்யவில்லை. நர்சம்மா வரும்போதெல்லாம், "காத்து பிரிஞ்சுதா?" என்றுதான் கேட்பார். ஒருவழியாகப் பிரிந்தபோது வார்டே கைதட்டியது. வெட்கப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை.

இப்போது குடோனுக்கு வேலைக்குப் போகிறேன். அடிக்கடி கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. "கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும்" என்கிறார் டாக்டர். போன வாரம் வயிற்றைத் தடவிப் பார்த்து, பை கழன்று விழுந்துவிட்டதென்று பதறி, சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை நிறுத்திவிட்டுத் தரையெல்லாம் தேடினேன். கூட வேலை பார்க்கும் அண்ணன், "யோவ், அதைத்தான் எடுத்தாச்சே!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அன்றிலிருந்து, அந்தப் பையை மூட நீ தைத்து அனுப்பிய பூப்போட்ட உறையைச் சட்டைக்குள் கட்டிக்கொண்டுதான் போகிறேன். உள்ளே ஒன்றும் இல்லை. ஏன் என்று கேட்காதே, எனக்கே புரியவில்லை.

நாடா பிய்ந்துவிட்டது. ஷிஃப்ட் வண்டி ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன். இன்னொரு உறை தைத்து அனுப்பு.

உன் வீட்டுக்காரன்