உங்கள் பூட்ஸில் அம்மா

என் அன்பு அப்பாவுக்கு,

மலையில் இன்று விடாத மழை. கூரை ஒழுகும் இடத்தில் வாளி வைப்பது இப்போது என் வேலை. நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்துவிட்டது. முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர், ஒரு வருட ஒப்பந்தம்.

"ஒரு வருசமா? அப்ப தோட்டத்துக்கு வர்ற பங்களாதேஷ் பசங்களோட பெர்மிட்டும் உன் வேலையும் ஒன்னுதான்லா" என்று நீங்கள் சிரிப்பது காதில் விழுகிறது. சிரியுங்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

எத்தனை நேர்காணல் அப்பா. பொறியியல் துறைக்குப் போனால், உங்கள் ஆய்வு சுகாதாரம் பக்கம் போகிறது என்றார்கள். சுகாதார அறிவியலுக்குப் போனால், நீங்கள் பொறியாளர் ஆயிற்றே என்றார்கள். தேயிலைக் கொழுந்து வெட்டும் இயந்திரத்தைத் தூக்கித் தூக்கி உங்கள் விரல்கள் மரத்துப்போயினவே, அந்த அதிர்வை அளக்கத்தானே நான் படித்தேன்? இயந்திரம் ஒரு துறைக்காம், விரல் இன்னொரு துறைக்காம். கடைசியில் இரண்டு துறையும் சேர்ந்து அறிவித்த இடம் இது. உங்கள் மணிக்கட்டில் கருவியைக் கட்டி எடுத்த பதிவைத்தான் நேர்காணலில் காட்டினேன். அது யாருடைய கை என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வீட்டு விஷயம்தான் உங்களுக்குத் தெரியுமே. தோட்டத்தில் வேலை செய்கிறவர் பெயரில்தான் லயத்து வீடு. நீங்கள் கண்ணை மூடிவிட்டதால், இந்த வீட்டிலிருந்து வேறு யாராவது வேலைக்குப் பேர் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும் என்று தோட்ட ஆபீஸிலிருந்து கிராணி வந்து சொன்னார். பாவம், தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார்.

"காலி பண்ணிடலாம்மா, என்னோட கே.எல். வந்துரு" என்றேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. சம்மதம் என்று நினைத்துக்கொண்டேன். அவள் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று நீங்கள் இருந்திருந்தால் சொல்லியிருப்பீர்கள்.

நேற்று விடியற்காலை எழுந்தபோது அம்மாவைக் காணோம். பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும் சத்தம் கேட்டு அங்கே போனேன். உங்கள் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். காலில் உங்கள் பூட்ஸ், பெரிதாக இருக்கிறதென்று துணி அடைத்திருக்கிறாள். முட்டி வலி தாங்காமல் தோட்ட வேலையை விட்டவள், களை எடுக்கும் ஆட்களோடு வரிசையில்.

"என்னம்மா இது? நான்தான் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன்ல?"

"ஒரு வருசம் கழிச்சு அவங்க போன்னு சொன்னா எங்கடி போவ? திரும்பி வர ஒரு வீடு இருக்கணும்ல. நீ போய்ட்டு வா."

கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. இவ்வளவு படித்தும் அம்மாவுக்கு ஒரு கூரை தர என்னால் முடியவில்லையே. களத்திலேயே நின்று அழுதேன். பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்த மண்டோர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா மட்டும், "நேரமாச்சு, போய் பசியாறு" என்று சொல்லிவிட்டு மலையேறிவிட்டாள்.

நாளைக்குத் தானா ராத்தா டவுனில் கே.எல். பஸ் ஏறுகிறேன். களைப்பாக இருக்கிறது அப்பா. இந்த வேலையைத் தொடங்குவதற்கு முன்பே அடுத்த வேலையைத் தேட வேண்டும். எத்தனை வயது வரைக்கும் இப்படி?

ஆனாலும் தேடுவேன். போ என்று யாரும் சொல்ல முடியாத வேலை கிடைக்கிற அன்றைக்கே மலையேறி வந்து, அந்தப் பூட்ஸை அவள் காலிலிருந்து நானே கழற்றுவேன். உங்கள் மேல் சத்தியம். அதுவரைக்கும் அவள் முட்டியை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் ஒரே பிள்ளை,
கலா